ஃபிளெக்ஸுக்குப் பின்னால் இருப்பவரையும் முன்னால் அழையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு உங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில், ரோபோ ஒன்று சிறப்பு விருந்தினருக்குப் பூங்கொத்து கொடுக்கும் படம் போட்டிருந்தீர்கள். படம் நன்றாகவே இருந்தது. கீழே விருந்தினர் பெயர், தாளாளர் பெயர், முதல்வர் பெயர், வரவேற்றவர், நன்றி சொன்னவர் எல்லாரும் வரிசையாக வந்துவிட்டார்கள். அந்த ரோபோவைச் செய்தது யார் என்பது மட்டும் இல்லை. அது தானாகக் கையை நீட்டியதா, யாராவது ரிமோட்டில் நீட்ட வைத்தார்களா என்பதும் இல்லை. இந்த இரண்டு விஷயத்தையும் பற்றிக் கொஞ்சம் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். நீளமாகிவிட்டால் வெட்டிக்கொள்ளுங்கள்.

நான் வெளியூர்க் கல்லூரி ஒன்றின் இயற்பியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றுச் சொந்த ஊரான காரைக்குடிக்கு வந்தவன். பேராசிரியர் சாக்பீஸோடு முன்னால் நிற்பார். மேசைக்கு அந்தப் பக்கம் ஒயரைப் பிடித்துக்கொண்டு நிற்பது என் உத்தியோகம். பிப்ரவரி 28 தேசிய அறிவியல் தினம் என்று பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிவருவார்கள். அவர்களுக்கு எதைக் காட்டினாலும் கடைசியில் வான் டி கிராஃப் ஜெனரேட்டரிடம்தான் வந்து மொய்ப்பார்கள். அலுமினிய உருண்டையில் கையை வைத்தால் தலைமுடி நட்டுக்கொண்டு நிற்குமே, அதுதான். ஆனால் காற்றில் ஈரம் இருந்தால் மின்னூட்டம் உருண்டையில் தங்காமல் கசிந்துவிடும். மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள்; எங்கள் ரப்பர் பெல்ட்டையா விடப்போகிறது? அதனால் காலையிலேயே போய் பெல்ட்டையும் தூணையும் துடைத்து, பக்கத்தில் 100 வாட் குண்டு பல்பு ஒன்றை எரியவிட்டுக் காய வைப்பேன். பிள்ளைகள் உள்ளே வருவதற்குள் பல்பைக் கழற்றி ஸ்டோர் ரூமுக்குக் கொண்டுபோய்விட வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. பார்க்க நன்றாக இருக்காதாம். அந்தப் பல்பை அங்கேயே விட்டிருக்கலாம் என்று அப்போதே எனக்குத் தோன்றும். எந்தப் பையனாவது இது எதுக்கு சார் என்று கேட்டிருப்பான். ஈரக்காற்றுக்கும் மின்சாரத்துக்கும் உள்ள சம்பந்தம் அன்றைக்கே அவனுக்குப் புரிந்திருக்கும்.

சரி, பெரிய இடத்துக்கு வருவோம். ஆராய்ச்சியாளர்கள் பொதுமேடையில் வருங்காலத்தைக் காட்டிய நிகழ்ச்சிகளில், 1968 டிசம்பர் 9 அன்று சான்பிரான்சிஸ்கோவில் நடந்ததைத்தான் முதலில் வைப்பேன். ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்தில் வேலை பார்த்த டக்ளஸ் எங்கல்பார்ட், கணினி வல்லுநர்கள் மாநாட்டில் ஏறத்தாழ ஆயிரம் பேருக்கு முன் 90 நிமிடம் செய்து காட்டியது அது. பழைய கறுப்பு வெள்ளைப் பதிவு யூடியூபில் கிடைக்கிறது. என் பேத்தி போட்டுக் கொடுத்தாள்; அவள் பாதியில் எழுந்து போய்விட்டாள், நான் முழுவதும் பார்த்தேன்.

அவள் எழுந்து போனதில் தப்பில்லை. அவளுக்கு அதில் புதிதாக ஒன்றுமே தெரியவில்லை. மவுஸை நகர்த்தினால் திரையில் புள்ளி நகர்கிறது. எழுத்தை அழிக்கிறார், நகலெடுக்கிறார், வேறு இடத்தில் ஒட்டுகிறார். ஒரு சொல்லைத் தொட்டால் அதோடு இணைத்துவைத்த இன்னொரு பக்கம் திறக்கிறது. அடுத்த ஊரில் இருப்பவர் முகம் திரையின் மூலையில் வர, இருவரும் ஒரே எழுத்தைப் பார்த்துக்கொண்டே பேசுகிறார்கள். தினமும் செல்போனில் நாம் பார்ப்பதுதான். ஆனால் 1968-ல் கணினி என்றால், துளையிட்ட அட்டைகளைக் கட்டாகக் கட்டி உள்ளே கொடுத்துவிட்டு, விடை அச்சாகி வரும்வரை வெளியே காத்திருக்க வேண்டும். அப்படிக் காத்திருந்து பழகியவர்கள்தான் அந்த மண்டபத்தில் உட்கார்ந்திருந்தார்கள். முடிந்ததும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

அவர் எதை வைத்துக் காட்டினார் என்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆய்வுக்குப் பணம் கொடுத்தவர்களில் நாசாவும் உண்டு. அப்போலோ 8 நிலவுக்குக் கிளம்ப 12 நாள்தான் பாக்கி. ராக்கெட் படம் ஒன்றைப் போட்டு மிரட்டியிருக்கலாம். இவரோ வீட்டுக்குப் போகும் வழியில் வாங்க வேண்டிய சாமான் பட்டியலை எடுத்துக்கொண்டார். வாழைப்பழம், சூப், ஆஸ்பிரின் என்று போகிறது பட்டியல். அதை வகைவகையாகப் பிரித்து மடக்குகிறார், விரிக்கிறார். அப்புறம் அதையே வழிப்படமாக மாற்றுகிறார். நூலகம் என்ற இடத்தைத் தொட்டால், திருப்பித் தராமல் நாள் கடந்துபோன புத்தகங்கள் இருப்பது தெரிகிறது. எந்த ஊர்க்காரனுக்கும் புரிகிற விஷயம்.

இனி, மேடைக்குப் பின்னால். அந்தக் கணினி மண்டபத்திலேயே இல்லை. 30 மைல் தள்ளி மென்லோ பார்க்கில் இருந்தது. அங்கிருந்து படத்தை நுண்ணலையில் அனுப்பினார்கள். நடுவில் மலைமேட்டில் ஒரு வண்டியை நிறுத்தி, வந்த அலையை வாங்கி மறுபடி அனுப்ப ஏற்பாடு. இவர் இங்கே விசையை அழுத்துவது அங்கே போக டெலிபோன் கம்பி. அதற்கான மோடமும் இவர்களே செய்ததுதான், நொடிக்கு 1,200 பிட். பெரிய திரைக்கான புரொஜெக்டர் நாசாவிடம் இரவல் வாங்கியது. இதையெல்லாம் ஓட வைத்தவர் பில் இங்கிலிஷ். எங்கல்பார்ட் மனசில் வைத்திருந்த மவுஸை 1964-ல் மரக்கட்டையில் இரண்டு சக்கரம் பொருத்திச் செய்து கொடுத்தவரும் இவர்தான். அன்றைக்கு அவர் தலையில் ஒரு ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, எந்தக் கேமரா, எந்தப் படம், எப்போது என்று இரண்டு ஊருக்கும் சேர்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு இணைப்பு பிசகியிருந்தால் ஆயிரம் பேர் முன்னால் வெறும் திரைதான்.

இந்த ஏற்பாட்டை எங்கல்பார்ட் ஒளிக்கவில்லை. படம் எங்கிருந்து வருகிறது என்று பேச்சோடு பேச்சாக அவரே சொல்லிவிடுகிறார். மவுஸ் எப்படி வேலை செய்கிறது என்று விளக்க வேண்டிய கட்டத்தில் மென்லோ பார்க்கைக் கூப்பிடுகிறார். திரையில் ஒரு கை வருகிறது. இதோ மென்லோ பார்க்கில் இருக்கும் டான் ஆண்ட்ரூஸின் கை என்று பெயர் சொல்லி அறிமுகம் செய்கிறார்! கையைப் பார்த்துப் பெயர் சொன்ன இன்னொரு மேடையை நான் பார்த்ததில்லை. ஆய்வகக்காரனாக இருந்து பார்த்தால்தான் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

அதனால் அவருக்குக் காசு கொட்டியதா என்றால் இல்லை. மவுஸ் காப்புரிமை 1970-ல் நிறுவனத்தின் கைக்குப் போனது. எங்கல்பார்ட் ராயல்டி என்று எதுவும் பார்க்கவில்லை. ஊரெல்லாம் மவுஸ் பரவுவதற்குள், 1987-ல், காப்புரிமையும் காலாவதியானது. ஆய்வுக்கு வந்த பணம் வற்ற, பில் இங்கிலிஷ் உட்பட அவரிடம் இருந்தவர்கள் பலர் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வகத்துக்குப் போய்விட்டார்கள். கைதட்டலை நம்பி ஆய்வகம் நடத்த முடியாது போலும்.

வெள்ளைக்காரர் கதையாகவே சொல்கிறானே என்று யாரும் நினைக்க வேண்டாம். 1895-ல் கல்கத்தா டவுன் ஹாலில் ஜகதீச சந்திர போஸ் செய்து காட்டியது இதற்குக் குறைந்ததல்ல. கண்ணுக்குத் தெரியாத அலை சுவர்களையும், நடுவில் உட்கார்ந்திருந்த லெப்டினன்ட் கவர்னரின் பெரிய உடம்பையும் தாண்டிப்போய், அந்தப் பக்கம் மணியை அடித்தது, வெடிமருந்தைக் கொளுத்தியது. அப்போது ரேடியோ என்ற சாமானே யார் வீட்டிலும் கிடையாது. அவர் எடுத்துக்கொண்ட மில்லிமீட்டர் அலைகளைத்தான் இன்று 5ஜி வரை பேசுகிறார்கள்.

போஸின் கருவிகளைக் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் செய்து கொடுத்தவர் ஒரு தகரக் கொல்லர். போஸே அவருக்குச் சொல்லிக்கொடுத்துப் பழக்கினாராம். அந்தக் கொல்லர் பெயரை எங்கேயும் நான் பார்க்கவில்லை. போஸின் கருவிகளில் ஒன்று, பிராட்ஷா ரயில்வே கால அட்டவணைப் புத்தகம். பக்கங்களுக்கு நடுவே வெள்ளீயத் தாளைச் செருகி, ஒரே திசையில் அதிரும் அலையை மட்டும் விடும் வடிகட்டியாக அதை வைத்துக்கொண்டார். முறுக்கிய சணல் நாரையும் இப்படியே சோதனைக்குப் பயன்படுத்தினார். லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் 1897 ஜனவரியில் அவர் பேசியபோது, கருவியின் அமைப்பை இவர் ரகசியமாக வைக்கவே இல்லையே, யார் வேண்டுமானாலும் எடுத்துக் காசு பண்ணிக்கொள்ளலாமே என்று ஆங்கிலப் பொறியியல் இதழ் ஒன்று ஆச்சரியப்பட்டு எழுதியது.

அதே ராயல் இன்ஸ்டிடியூஷனில் போஸுக்கு முன்பே ஃபாரடே வெள்ளிக்கிழமை மாலைகளில் பேச்சும் சோதனையுமாக ஊரைக் கூட்டியவர். அவருக்கு உதவியாளர் ஆண்டர்சன், பீரங்கிப் படையில் சார்ஜெண்டாக இருந்து வந்தவர். சோதனை எல்லாம் நான்தான் செய்கிறேன், ஃபாரடே பேச மட்டும் செய்கிறார் என்று ஆண்டர்சன் சொல்வாராம். ஒரு நாள் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்ல ஃபாரடே மறந்துவிட, மனிதர் இரவு முழுக்க உலைக்குக் கரி போட்டுக்கொண்டிருந்தாராம். கதை எவ்வளவு நிஜமோ, எங்கள் ஆட்கள் நடுவில் இதைச் சொன்னால் சிரிப்பு அடங்கப் பத்து நிமிடம் ஆகும்.

இப்போது நம் காலத்துக்கு வருகிறேன். அமெரிக்காவில் நிகோலா என்ற கம்பெனி 2018-ல் ஒரு லாரி ஓடுவதாகக் காணொளி வெளியிட்டது. லாரி ஓடவில்லை, சரிவான சாலையில் உருண்டுகொண்டிருந்தது என்பது 2020-ல்தான் வெளியே வந்தது. 2024 அக்டோபரில் டெஸ்லாவின் ஆப்டிமஸ் ரோபோக்கள் விருந்தாளிகளுக்குப் பானம் ஊற்றிக் கொடுத்தன, பேச்சு கொடுத்தன. மறைவில் மனிதர்கள் தொலைவிலிருந்து அவற்றுக்கு உதவிக்கொண்டிருந்தார்கள் என்று பின்னால் செய்தி வந்தது. முதலாவது ஏமாற்று வேலை. இரண்டாவதை நான் அப்படிச் சொல்லமாட்டேன். தொலைவிலிருந்து ஒரு இயந்திரக் கையை நடுங்காமல் ஓட்டுவதே பெரிய வித்தைதான். மதுரை, சென்னை ஆஸ்பத்திரிகளில் ரோபோ அறுவை சிகிச்சை என்கிறார்களே, அதிலும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் டாக்டரின் கைதான் இயக்குகிறது. யாரும் அதைக் குறைவாக நினைப்பதில்லை. முன்பே சொல்லிவிடுவதால் நினைப்பதில்லை.

எங்கள் பக்கத்துப் பொறியியல் கல்லூரி ஒன்றில் (பெயர் வேண்டாம், இது எல்லா ஊரிலும் நடக்கிறது) எதிர்காலத் தொழில்நுட்பக் கண்காட்சி என்று போயிருந்தேன். வெள்ளை பிளாஸ்டிக் உடம்பு, நீலக் கண்ணோடு ஒரு ரோபோ. குழந்தைகள் கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொன்னது. ஒரு சின்னப் பெண் "நீ சாப்பிட்டியா?" என்றாள். ஒரு நிமிடம் போல யோசித்துவிட்டு, "எனக்குச் சோறு இறங்காது பாப்பா, கரண்டுதான்" என்றது. அரங்கமே சிரித்தது. தண்ணீர் கேன் எங்கே என்று தேடிக்கொண்டு நான் பெரிய ஃபிளெக்ஸ் பேனருக்குப் பின்னால் போனேன். அங்கே பிளாஸ்டிக் ஸ்டூலில் ஒரு பையன், மடியில் லேப்டாப், காதில் இயர்போன், சட்டையெல்லாம் வேர்வை. கேள்வியைக் காதில் வாங்கி, பதிலைத் தமிழில் டைப் அடித்துக்கொண்டிருந்தான். "தம்பி, நீதானா அது?" என்றேன். "சார், சத்தம் போடாதீங்க சார், அடுத்த கேள்வி வருது" என்றான்.

நிகழ்ச்சி முடிந்து அவனோடு பேசினேன். பதில்தான் அவன் அடித்ததே தவிர, பேசுகிற ஆள் எந்தப் பக்கம் இருக்கிறாரோ அந்தப் பக்கம் கழுத்தைத் திருப்புவது ரோபோ தானாகச் செய்தது. கேமராவில் முகத்தைக் கண்டுபிடித்து, மோட்டாருக்கு எவ்வளவு திரும்ப வேண்டும் என்று சொல்லும் புரோகிராமை அவனும் கூட இரண்டு பேரும் எழுதியிருக்கிறார்கள். முதலில் கழுத்து வெடுக்வெடுக்கென்று வெட்டியதாம். அதைச் சரி செய்யவே ஒரு செமஸ்டர் போய்விட்டதாம். எனக்குக் கேட்கக் கேட்க அவ்வளவு சந்தோஷம். ஆனால் மேடையில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ரோபோ தானே யோசித்துப் பேசுகிறது என்று அறிவித்துவிட்டார்கள். தானே பேசுகிற ரோபோ தானே கழுத்தைத் திருப்புவது யாருக்கு அதிசயமாகத் தெரியும்? இல்லாததைச் சொல்லப்போய், அந்தப் பிள்ளைகள் உண்மையாகவே சாதித்ததை அமுக்கிவிட்டார்கள். பையனும் ஒளிந்திருக்க வேண்டியதாயிற்று. பூங்கொத்துப் படத்தைப் பார்த்ததும் எனக்கு அவன் ஞாபகம்தான் வந்தது.

செட்டிநாட்டுக் கல்யாணத்தில் பந்தி நன்றாக இருந்தால், தவசுப்பிள்ளை யார் என்று கேட்டு நாலு பேர் சமையல்கட்டுக்கே போய்விடுவார்கள். அந்த வழக்கம் அறிவியல் கண்காட்சிக்கும் வர வேண்டும். கருவிக்கு முன்னால் ஒரு அட்டை வைத்தால் போதும். இது தானாகச் செய்வது இன்னது, ஆள் செய்வது இன்னது, இன்னும் செய்ய வராதது இன்னது, செய்தவர்கள் இன்னார். மூன்று, நாலு வரிதான். தமிழில் இருக்கட்டும். பக்கத்தில் நிற்பவர் வரவேற்புக் குழுவில் சேலை கட்டிவந்த மாணவியாக இல்லாமல், அதைச் செய்தவராக இருக்கட்டும். ஒருவேளை செய்தவர் அந்த மாணவியேயானால் இன்னும் நல்லது.

எங்கள் ஊர் சிக்ரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-ல் திறக்கப்பட்ட மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். சிக்ரியும் சேர்ந்த மத்திய அரசின் அறிவியல், தொழில் ஆராய்ச்சிக் குழுமம் சி.எஸ்.ஐ.ஆர். அதன் நிறுவன நாளான செப்டம்பர் 26-ஐ ஒட்டி அந்தக் குழுமத்தின் ஆய்வகங்கள் பொதுமக்களுக்குக் கதவைத் திறப்பது வழக்கம். அங்கே நடக்கிற வேலையில் பாதி, மேடையில் காட்டிக் கைதட்டல் வாங்க முடியாத வேலை. இரும்பு துருப்பிடிப்பதைப் பத்து நிமிடத்தில் எப்படிக் காட்டுவது? அதற்கென்றே ராமேஸ்வரம் போகும் வழியில் உள்ள மண்டபம் என்ற ஊரில், பாம்பன் உப்புக்காற்றில் உலோகத் தகடுகளை நிறுத்தி வைத்துக் காத்திருக்கிறார்கள். பூச்சு பூசியது, பூசாதது என்று வரிசையாக ஒரு மேசையில் தகடுகளைப் பரப்பி, எப்போது வெயிலில் வைத்தது, எப்போது எடுத்தது என்று ஒவ்வொன்றின் கீழும் எழுதிவைத்தால், அது ரோபோவுக்குக் கொஞ்சமும் குறைந்த காட்சியில்லை. பாலம் கட்டப்போகிற ஒரு பிள்ளை அந்தக் கூட்டத்தில் நிச்சயம் இருக்கும். பேட்டரியும் அப்படித்தான். ஒரு செல்லில் எரிகிற பல்பைக் காட்டுவது எளிது. அதே செல்லை நூற்றுக்கணக்கான தடவை சார்ஜ் ஏற்றி இறக்கிய பிறகு எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்ற கோட்டுப்படத்தையும் பக்கத்தில் ஒட்டினால், பேட்டரி வண்டி வாங்க நினைக்கும் அப்பாக்களும் நின்று பார்ப்பார்கள்.

பத்திரிகைக்காரர்களிடம் எனக்கு இரண்டு கோரிக்கை. உங்கள் நிருபர் அடுத்த முறை இப்படி ஒரு நிகழ்ச்சிக்குப் போனால், தலைமையேற்றவர் பெயரை எழுதிக்கொண்டதும் அப்படியே ஃபிளெக்ஸுக்குப் பின்னால் ஒரு எட்டு போய்ப் பார்த்துவிட்டு வரட்டும். இதில் எது தானாக ஓடுகிறது என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும். தெரிந்தவர் சந்தோஷமாகச் சொல்வார், தெரியாதவர் செய்தவரைக் கூப்பிடுவார்.

இன்னொன்று, ஆய்வகங்கள் கதவு திறக்கும் நாளின் செய்தி எப்போதும் முடிந்த மறுநாள்தான் படத்தோடு வருகிறது. எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, எந்த கேட் வழியாக விடுவார்கள், பள்ளியிலிருந்து கடிதம் வேண்டுமா, தனியாக வரும் பெரியவர்களுக்கு ஆதார் அட்டை போதுமா என்பதை விசாரித்து ஒரு வாரம் முன்பே போடுங்கள். புதுவயல், கண்டனூர், சாக்கோட்டை பக்கத்துப் பள்ளிகளுக்கு வேன் ஏற்பாடு செய்யவே நாலைந்து நாள் வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆய்வக உதவியாளர்,
காரைக்குடி.